வாரத்துக்கு இருபது சொல்

ஜனவரி 11

மதிப்பிற்குரிய ஐயாவுக்கு,

வணக்கம். நான் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். உங்களோடு நீர்மூழ்கிக் கப்பலில் எஞ்சின் அறையைப் பார்த்துக்கொண்ட தலைமை மெக்கானிக்கின் ஒரே மகள் நான். கப்பலில் அவரை 'ஸ்பானர்' என்றுதான் கூப்பிடுவீர்களாம். அப்பா நவம்பர் இருபத்தாறாம் தேதி தவறிவிட்டார். எழுபத்தொன்பது வயது. காலையில் ஷேவ் செய்து முடித்து, ரேசரைக் கழுவித் துடைத்து வைத்துவிட்டு, நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். அதோடு சரி. கஷ்டப்படவில்லை.

முன்னாள் நீர்மூழ்கி வீரர்கள் சங்கத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. ஏப்ரலில் நடக்கும் கூட்டத்துக்கு ஒரு சிறு புத்தகம் போடுகிறார்கள். கடந்த ஆண்டு மறைந்தவர்களைப் பற்றி ஆளுக்கு ஒரு பக்கம். அப்பாவின் பக்கத்தை நான் எழுத வேண்டுமாம். உட்கார்ந்து பார்த்தேன். பிறந்த தேதி, சேர்ந்த தேதி, ஓய்வு பெற்ற தேதி. பிறகு மருத்துவமனை ஒன்றில் பதினைந்து வருடம் பாய்லர் பார்த்தார். குளிக்க இரண்டு குவளைத் தண்ணீருக்கு மேல் செலவழிக்க மாட்டார். கதவைச் சத்தமில்லாமல் சாத்துவார். அரைப் பக்கம்கூட வரவில்லை. பதினோரு வருடம் என் வீட்டில் இருந்த மனிதர்.

அவருடைய முகவரிப் புத்தகத்தில் உங்கள் பெயர் இருந்தது. ஐந்து முகவரிகள், ஒன்றை அடித்து அடுத்ததை எழுதியிருக்கிறார். ஐந்தாவதற்குத்தான் இதை அனுப்புகிறேன். எனக்கு உங்களை நினைவிருக்கிறது. 'டக்டக் சித்தப்பா' என்று கூப்பிடுவேன். வயர்லெஸ் ஆசாமி. மேஜையில் விரலால் என் பெயரைத் தந்தி மொழியில் தட்டிக் காட்டுவீர்கள். பிறகு ஒரு நாள் வருவதை நிறுத்திவிட்டீர்கள்.

ஒரு கேள்வி கேட்கத்தான் எழுதுகிறேன். அம்மா போனபோது எனக்கு ஒன்பது வயது. அப்பா கடலுக்கடியில் இருந்தார். இருபத்தாறு நாள் கழித்துத்தான் வந்தார். கிளம்புவதற்கு முன் எல்லாரிடமும் ஒரு படிவம் வாங்குவார்களாம், வீட்டில் கெட்டது நடந்தால் உடனே சொல்லலாமா கூடாதா என்று. அப்பா 'கூடாது' என்று எழுதிக் கொடுத்திருந்தார் என்று அத்தை சொன்னாள். என்னை வளர்த்தவள் அவள்தான், அப்பாவின் தங்கை. நான் அப்பாவிடம் அதைப் பற்றிக் கேட்டதே இல்லை. மன்னித்ததும் இல்லை.

அவர் அப்படித்தான் எழுதினாரா? ஆமாம் என்றால் புத்தகத்துக்கு மூன்று தேதிகளை மட்டும் அனுப்பிவிட்டு என் வேலையைப் பார்ப்பேன்.

இப்படிக்கு,
ஸ்பானரின் மகள்


ஜனவரி 24

அன்புள்ள மகளுக்கு,

கடிதம் கிடைத்தது. அண்ணன் போனது அதைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும். இரண்டு நாள் ஒன்றும் ஓடவில்லை.

புத்தகத்துக்கு உதவும் என்று சிலவற்றை எழுதுகிறேன். கப்பலில் நாற்பது பேர் இருந்தோம், படுக்கை இருபத்தேழு. ஒருவர் எழுந்த சூட்டில் இன்னொருவர் படுப்பார். கிளம்பும்போது நடைபாதை முழுக்க உருளைக்கிழங்குப் பெட்டிகளை அடுக்கி, மேலே பலகை போட்டு, அதன்மேல்தான் நடப்போம். தின்னத் தின்னத் தரை இறங்கும். அண்ணன் உயரமானவர். முதல் இரண்டு வாரம் குனிந்தே நடப்பார். 'இன்னும் நாலு மூட்டை தின்னுங்கடா, நான் நிமிரணும்' என்பார்.

புதிதாக வருகிறவர்களுக்கு அவர் ஒரு வேடிக்கை காட்டுவார். மேலே இருக்கும்போது இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு ஒரு நூலை விறைப்பாகக் கட்டுவார். ஆழம் போகப் போக நூல் தொய்ந்து தொங்கும். கடல் அமுக்குவதில் கப்பலே ஒடுங்குகிறது. பையன்கள் முகம் வெளுத்துப் போகும். அவர் அந்த நூலில் தன் சாக்ஸைக் காயப்போட்டுவிட்டு, 'கப்பல் மூச்சு விடுது, அவ்வளவுதான், போய்ச் சாப்பிடு' என்பார். சத்தம் கூடாத நேரங்களில் எல்லாரும் சாக்ஸோடு நடக்க வேண்டும். கதவைச் சாத்தும் பழக்கம் அங்கே வந்ததாக இருக்கும்.

படிவத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அதைச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. தயவு செய்து மறுபடி எழுத வேண்டாம். முழங்காலில் அறுவைச் சிகிச்சை ஆகியிருக்கிறது, தபால் பெட்டி வரை போய்வருவது சிரமம்.

அவருக்கு வலது காது மந்தமாக இருந்ததே, கடைசியில் அதிகமானதா?

இப்படிக்கு,
வயர்லெஸ்


பிப்ரவரி 2

ஐயா,

ஒரு கேள்வி கேட்டேன். உருளைக்கிழங்கைப் பற்றி ஒரு பக்கம் எழுதி அனுப்பியிருக்கிறீர்கள்.

காது அதிகமானது. கடைசி மூன்று வருடம் இடது பக்கமாக உட்கார்ந்துதான் பேச வேண்டும். நீங்கள் நேரில் வந்திருந்தால் தெரிந்திருக்கும்.

நான் ஒரு கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறேன். பவர் கால் புள்ளி தவறினால்கூட ஆளுக்குத் தலைவலி வந்துவிடும். சுற்றி வளைத்துப் பேசுவது எனக்குப் பழக்கமில்லை, நீங்களும் வேண்டாம். ஆமாம், இல்லை, இரண்டில் ஒன்று. ஒரு கார்டு போதும், முழங்காலுக்கு அதிகம் வேலை வைக்காது.

அத்தையிடம் கேட்டேன். கப்பல் வந்த அன்று அவள்தான் என்னைக் கரைக்கு அழைத்துப் போனாள். 'அந்த வயர்லெஸ் தம்பி உங்கப்பாகிட்ட என்னமோ சொல்ல வந்தாரு. உங்கப்பா கையைக் காட்டி நிறுத்திட்டு இந்தப் பக்கம் வந்துட்டாரு. அதுக்கப்புறம் ரெண்டு பேரும் பேசிக்கிட்ட மாதிரி தெரியல' என்றாள். உங்களுக்குள் என்ன சண்டையோ எனக்குத் தேவையில்லை. ஆனால் அதற்காக என் கேள்வியை ஏன் அமுக்கி வைக்கிறீர்கள்?

அன்று எனக்கு நினைவிருப்பது ஒன்றுதான். அப்பா என் முன் வந்து மண்டியிட்டார். நான் சொல்வதற்காக அவர் காத்திருப்பது மாதிரி இருந்தது. அழவில்லை. அம்மா செத்ததைக் கேட்டு ஒரு சொட்டுக் கண்ணீர் வராத மனிதர் என்று அன்றைக்கே மனதில் எழுதிக்கொண்டேன்.

ஸ்பானரின் மகள்


பிப்ரவரி 20

அன்புள்ள மகளுக்கு,

இல்லை. அதுதான் பதில். அவர் 'சொல்லலாம்' என்றுதான் எழுதினார்.

கார்டோடு நிறுத்தியிருக்கலாம். மூன்று கார்டு எழுதிக் கிழித்தேன். உன்னை 'நீ' என்று எழுதுகிறேன், கோபப்படாதே. கடைசியாகப் பார்த்தபோது இரட்டைச் சடை போட்டிருந்தாய்.

படிவத்தை இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துதான் நிரப்பினோம். பேனா என்னுடையது. நான் 'கூடாது' என்று போட்டேன். அவர் எட்டிப் பார்த்து, 'நீ தனிக்கட்டை, உனக்குச் சரி. என் வீட்டுல எது நடந்தாலும் எனக்குத் தெரியணும்டா' என்று சொல்லிவிட்டு 'சொல்லலாம்' என்று போட்டார்.

பத்தொன்பதாம் நாள் மதியம் இரண்டு மணி பத்து நிமிடத்துக்குச் செய்தி வந்தது. ஹெட்போன் மாட்டியிருந்தவன் நான். மூளையில் ரத்தக் குழாய் வெடித்து இறப்பு, குழந்தை உறவினர் பாதுகாப்பில். இரண்டு தடவை சரிபார்த்துக் கேப்டனிடம் கொண்டுபோனேன். அவர் தாளை மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டார். இரண்டு எஞ்சினில் ஒன்று ஐந்து நாளாக நின்றிருந்தது. மற்றதை ஓட வைத்துக்கொண்டிருந்தது உன் அப்பாவின் கைதான். திரும்பிப் போக உத்தரவில்லை. எங்களால் கேட்க முடியும், பேசக் கூடாது, பேசினால் இருக்கும் இடம் தெரிந்துவிடும். 'அவர் எழுதிக் கொடுத்தது எனக்குத் தெரியும். இருந்தாலும் கரை சேரும் வரைக்கும் சொல்ல வேண்டாம். பொறுப்பு என்னுது. நீ வாயைத் திறக்காதே' என்றார். உத்தரவு. அவரைக் குறை சொல்ல எனக்கு இன்றும் வரவில்லை. நாற்பது உயிர் அவர் கையில் இருந்தது.

அதோடு நின்றிருந்தால் உன் அப்பாவை நிமிர்ந்து பார்த்திருப்பேன்.

கப்பலில் இருப்பவனுக்கு வீட்டிலிருந்து வாரம் ஒரு செய்தி வரும். இருபது சொல்லுக்கு மேல் போகக் கூடாது. அலுவலகத்தில் கொடுத்தால் அவர்கள் அனுப்புவார்கள். நான் கேட்டு, சீட்டில் எழுதி, ஞாயிற்றுக்கிழமை ஆளாளுக்குக் கொடுப்பேன். அந்த ஞாயிறு அண்ணன் வந்து கை நீட்டினார். 'என்னடா, நம்ம வீட்டம்மா ஒண்ணும் சொல்லலையா?' என்றார். 'சிக்னல் சரியில்லண்ணே, பிறகு பாத்துத் தரேன்' என்றேன். அரை மணி கழித்து மறுபடி வந்தார். நான் ஒரு சீட்டை எடுத்து எழுதிக் கொடுத்துவிட்டேன்.

உன் அம்மாவின் பெயரில்.

'எல்லாரும் நலம் பாப்பாவுக்கு ஒரு பல் விழுந்தது கவலை வேண்டாம் உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.' பதினோரு சொல். இருபதை நிரப்பக் கை வரவில்லை. யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. கேப்டனுக்கே தெரியாது. அதற்கடுத்த ஞாயிறும் எழுதினேன், அதற்கடுத்ததும் எழுதினேன். செத்துப்போன பெண்ணின் பெயரில் மூன்று கடிதம். அவருக்கு எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டேன். சீட்டு விளையாடினேன். அவர் சட்டைப் பையில் நான் எழுதிய பொய் மடிந்து கிடந்தது.

கரையில் 'அண்ணே' என்று போனேன். கையைக் காட்டி நிறுத்தினார். என் முகத்தில் விழிக்காதே என்பதாகத்தான் அதைப் புரிந்துகொண்டேன். சரிதானே. அந்த வாரமே வேறு கப்பல் கேட்டு எழுதிக் கொடுத்தேன். இரண்டு மாதம் கழித்து அவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. கனமாக இருந்தது. அதைப் பிரிக்க எனக்குத் தைரியமில்லை. 'வாங்க மறுத்தார்' என்று எழுதித் திருப்பி அனுப்பச் சொல்லிவிட்டேன்.

கடற்படையை விட்டபிறகு ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் இருபத்திரண்டு வருடம் போன் எடுத்தேன். யார் கேட்டாலும் உள்ளதை உள்ளபடி சொன்னேன். அதனால் அந்த மூன்று சீட்டும் இல்லாமல் போய்விடவில்லை.

இதெல்லாம் புத்தகத்துக்கு ஆகாது. உனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: உன் அப்பா கேட்காமல் இருக்கவில்லை. நாங்கள்தான் சொல்லவில்லை.

டக்டக்


மார்ச் 6

ஐயா,

உங்கள் கடிதத்தைக் கடையில் இடைவேளையில் பிரித்தேன். முதல் வரியைப் படித்துவிட்டுப் பின்கட்டுக்குப் போய்த் தேய்க்கும் இயந்திரத்தைப் போட்டுவிட்டு உட்கார்ந்துகொண்டேன். அந்தச் சத்தத்தில் ஒருத்தி அழுவது யாருக்கும் கேட்காது. முப்பத்தொன்பது வருடம் ஒரு தப்பான லென்ஸ் வழியாக அப்பாவைப் பார்த்திருக்கிறேன்.

அத்தையிடம் போனேன். 'யார் அப்படிச் சொன்னது உனக்கு?' என்று கேட்டேன். அவளுக்கும் இப்போது எழுபத்திரண்டு வயது. 'ஆபீஸ்ல போய்க் கேட்டேன். திரும்பி வந்ததும்தான் சொல்லுவோம், அதான் ஏற்பாடுன்னாங்க. அவரே எழுதிக் கொடுத்துட்டாரு போலன்னு எனக்குப் பட்டுது. நீ கேட்டப்ப அதையே சொல்லிட்டேன். இத்தனை வருஷமா நீ அதை மனசுல வச்சுக்கிட்டு இருந்தியா?' என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளைத் திட்டத்தான் போனேன். காபி போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன்.

பிறகு கட்டிலுக்கடியில் இருந்த அப்பாவின் இரும்புப் பெட்டியைத் திறந்தேன். இதுவரை திறக்க மனம் வரவில்லை. அடியில் எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிய சீட்டுகள், அம்மா அனுப்பியவை, எல்லாம் உங்கள் கையெழுத்தில். ஒன்றை இங்கே எழுதுகிறேன். 'குழாய் மறுபடி ஒழுகுகிறது நீங்கள் சரிசெய்த லட்சணம் அலமாரிச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள் பூட்டை உடைத்தேன் பாப்பா கணக்கில் முதல் மதிப்பெண் உங்களைப் போல் இல்லை.' எண்ணிப் பார்த்தேன். பெயரோடு சேர்த்துச் சரியாக இருபது. அம்மாவின் குரல் எனக்கு மறந்தே போயிருந்தது. இதைப் படித்ததும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு எதிரில் வந்து நின்றுவிட்டாள். சிரித்துவிட்டேன் ஐயா. என் கணவர் பயந்துபோய் ஓடிவந்தார்.

கடைசியில் உங்கள் மூன்று சீட்டும் இருந்தன. மற்றவற்றோடுதான் கட்டி வைத்திருக்கிறார். தனியாக வைக்கவில்லை, கிழிக்கவில்லை. உண்மையைச் சொன்னால் அவை அம்மா எழுதியது மாதிரியே இல்லை. எனக்கே தெரிகிறது. அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? அந்த மாதம் எனக்குப் பல்லும் விழவில்லை.

அவற்றுக்குக் கீழே ஒரு கவர். உங்கள் பெயர், உங்கள் பழைய கப்பல் முகவரி. மேலே 'வாங்க மறுத்தார்' என்று சிவப்பு மையில் எழுதியிருக்கிறது. ஒட்டியபடியே இருக்கிறது. அவரும் பிரிக்கவில்லை. நான் நீராவியில் காட்டிப் பிரிக்கலாமா என்று நினைக்கவும் செய்தேன், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் கடிதம் உங்களுடையது. இத்துடன் வைத்திருக்கிறேன்.

இந்தத் தடவை திருப்பி அனுப்பாதீர்கள். உள்ளே அவர் உங்களைத் திட்டியிருந்தால் அதையும் வாங்கிக்கொள்ளுங்கள். என்ன எழுதியிருந்தாலும் எனக்குச் சொல்லுங்கள்.

ஸ்பானரின் மகள்


மார்ச் 15

அன்புள்ள மகளே,

நேற்றுக் காலை பிரித்தேன். பக்கத்து வீட்டு நர்ஸ் முழங்கால் கட்டை மாற்ற வந்திருந்தாள். அவளை உட்காரச் சொல்லிவிட்டுப் பிரித்தேன், தனியாக இருக்கப் பயமாக இருந்தது. முதல் பக்கம் முடிவதற்குள் அவளே எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

நான் என் வார்த்தையில் சொல்வதைவிட அவர் எழுதியதையே எழுதுகிறேன்.

'தம்பி டக்டக், நீயே கேட்டு வேற கப்பலுக்குப் போயிட்டன்னு சொன்னாங்க. எதுக்குடா?

எனக்குத் தெரியும். முதல் சீட்டை வாங்கின அன்னைக்கே தெரியும். என் பொண்டாட்டி இருபது சொல்லுல பத்தொன்பதை என்னைத் திட்டுறதுக்கு வச்சுக்குவா, மிச்சம் ஒண்ணுல பேர் போடுவா. உடம்பைப் பாத்துக்கோங்கன்னு ஒரு நாளும் எழுதினதில்ல. அதைப் படிச்சதும் கையில இருந்த ஸ்பானர் கீழ விழுந்துருச்சு. சத்தம் போட்டதுக்குக் கேப்டன்கிட்டத் திட்டு வாங்கினேனே, அது அதனாலதான். அப்புறம் உன் மூஞ்சியைப் பாத்தேன். நீ சாப்பாட்டைக் கிளறிக்கிட்டே இருந்த.

என்ன நடந்துச்சுன்னு மட்டும் தெரியல. அவளா, பாப்பாவா, ரெண்டு பேருமா. அந்தச் சீட்டை நூறு தடவை படிச்சேன். பாப்பாவுக்குப் பல் விழுந்ததுன்னு எழுதியிருந்த. இல்லாத குழந்தைக்குப் பல் விழுந்ததா எழுத உனக்குக் கை வராது, உன்னை எனக்குத் தெரியும். அப்ப பாப்பா நல்லா இருக்கா, போனது அவதான்னு புரிஞ்சுது. அதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் இருபது நாள் எஞ்சின் பக்கத்துல நின்னேன். அழுகையெல்லாம் அங்கயே முடிஞ்சுது. அந்தச் சத்தத்துல எவனுக்குக் கேக்கப் போகுது.

உன்கிட்டக் கேட்டிருக்கலாம். கேட்டா நீ சொல்லிருவ. சொன்னா உன் வேலை போயிரும். அதுவும் போக, வாயால ஒருத்தன் சொல்லிட்டா நான் அந்த இடத்துல நிக்க மாட்டேன், எனக்கு என்னைத் தெரியும். ஒத்த எஞ்சின்ல நாற்பது பேர். அதனால தெரியாத மாதிரி இருந்துட்டேன். உன்னை அத்தனை நாள் நடிக்க விட்டேன். அந்தத் தப்பு என்னுது. மனசுல வச்சுக்காத.

கரையில கையைக் காட்டினது வராதன்னு இல்ல. இரு, வர்றேன்னு. பாப்பா நின்னுக்கிட்டு இருந்தா. முதல்ல அவகிட்டப் போகணும், அவ வாயால கேக்கணும். திரும்பிப் பாத்தா நீ இல்ல.

கரைவேலை கேட்டு எழுதிக் கொடுத்துட்டேன். இனி கடல் வேண்டாம். பள்ளிக்கூடம் விட்டுப் பாப்பா வர்றப்ப வீட்டுல ஒரு ஆள் இருக்கணும். டக்டக் சித்தப்பா எங்கன்னு கேக்குறா. வீட்டுக்கு வா. வர இஷ்டமில்லன்னா விட்டுரு, தொந்தரவு பண்ண மாட்டேன். எங்க இருக்கன்னு மட்டும் தெரிஞ்சு வச்சுக்குவேன்.'

அவ்வளவுதான். முப்பத்தொன்பது வருடம் அது எனக்காகக் காத்திருந்தது. நான் திருப்பி அனுப்பியதைப் பார்த்து அந்த மனிதர் என்ன நினைத்திருப்பார் என்று யோசித்து ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. ஆனால் அதையும் மீறி, எப்படிச் சொல்வது, உடம்பே லேசாக இருக்கிறது. கம்பியைப் பிடிக்காமலே படியில் ஏறிப் பார்த்தேன். நர்ஸ் திட்டினாள்.

ஏப்ரல் கூட்டத்துக்கு நான் வரலாமா? கூப்பிடாவிட்டாலும் கோபமில்லை.

டக்டக்


மார்ச் 23

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

கூப்பிடாமலா? ரயிலில் கீழ்ப் படுக்கையாகப் பார்த்துப் பதிவு செய்யுங்கள். ஸ்டேஷனுக்கு என் கணவர் வருவார். வழுக்கைத் தலை, பச்சைக் குடை. உங்களுக்காகக் கீழ் அறையைக் காலி செய்துவிட்டோம், நர்ஸிடம் சொல்லிவிடுங்கள்.

கரைவேலையை அவராகக் கேட்டு வாங்கினார் என்பது எனக்குத் தெரியாது. கடலுக்கு ஆகாது என்று அனுப்பிவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன். பள்ளியிலிருந்து வரும்போது தினமும் வாசலில் உட்கார்ந்து எதையாவது பிரித்துப் போட்டுக்கொண்டிருப்பார். ஃபேன், இஸ்திரிப் பெட்டி, சைக்கிள். நான் பேசாமல் அவரைத் தாண்டி உள்ளே போவேன். 'வந்துட்டியா' என்பார். 'ம்' என்பேன். அவருக்கு அந்த 'ம்' போதுமானதாக இருந்ததா என்று இனி யாரைக் கேட்பது? அது என்னோடுதான் இருக்கும். இருக்கட்டும். முன்பு இருந்ததைவிட இது தாங்கக்கூடியது.

அவர் எழுதியதை அத்தைக்குப் படித்துக் காட்டினேன். 'அவ இருந்திருந்தா, இதுக்கும் அண்ணனைத் திட்டியிருப்பா' என்றாள். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டில் ஜன்னலைத் திறந்து பார்த்தார்கள்.

புத்தகத்துக்கு எழுதி அனுப்பிவிட்டேன். ஒரு பக்கம்தான் என்று சொல்லியிருந்தார்கள். மூன்று பக்கம் ஆகிவிட்டது. குறைக்கச் சொல்லிப் போன் செய்தார்கள். முடியாது என்று சொன்னேன். போன் செய்த பெரியவர், 'நானும் ஸ்பானர் கட்டின நூலைப் பாத்து வெளுத்துப் போனவன்தாம்மா. மூணு பக்கமும் போட்டுருவோம்' என்றார்.

சாவு முடிந்து நாலு மாதம் ஆகியும் அப்பாவின் படத்தை நான் மாட்டவில்லை. சட்டம் போட்டு, காகிதத்தில் சுற்றி, பீரோமேல் கிடந்தது. யாராவது கேட்டால் ஆணி வாங்க வேண்டும் என்பேன். ஞாயிற்றுக்கிழமை மாட்டிவிட்டோம். சீருடையில் இருக்கிறார், நாற்பது வயதுக்குள் எடுத்தது, காது இரண்டும் விறைத்துக்கொண்டு நிற்கின்றன. என் கணவர்தான் ஆணி அடித்தார். படம் இடது பக்கம் ஒரு விரல்கடை சாய்ந்திருக்கிறது. சரிசெய்யட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அந்த வழியாகப் போகும்போதெல்லாம் கையை உயர்த்தி நேராக்குகிறேன். மறுபடி சாய்கிறது. ஒரு நாளைக்கு எட்டுப் பத்துத் தடவையாவது அவரைத் தொட வேண்டியிருக்கிறது.

சீக்கிரம் வாருங்கள்.

உங்கள் மகள்